நிக்கோட்டின் பிடியிலிருந்து விடுபடுவது எப்படி: புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கான வழிகாட்டி

எந்த ஆயத்தமும் எவருடைய உதவியும் இல்லாமல் புகைப்பதை நிறுத்த முயல்பவர்களில், 100 பேருக்கு 3 முதல் 5 பேர் மட்டுமே ஆறு மாதமோ ஓராண்டோ கடந்த பின்னும் புகைக்காமல் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பலமுறை முயன்று தோற்றவர் தம்மை மனவுறுதி இல்லாதவர் என்று எண்ணிக்கொள்கிறார். வீட்டில் உள்ளவர்களும் அதையே சொல்லிக்காட்டுகிறார்கள். அந்த எண்ணம் அடுத்த முயற்சியைத் தொடங்கவே விடாமல் அவரைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அவர் எதிர்த்து நிற்பது ஒரு கெட்ட வழக்கத்தை மட்டுமன்று. பல ஆண்டுகளாக மூளையின் இயக்கத்தைத் தனக்கேற்ப மாற்றி வைத்திருக்கும் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்துத்தான்.

இந்த அடிமைத்தனத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. உடல் நிக்கோட்டினுக்குப் பழகிப்போனது ஒன்று. காலை எழுந்தவுடன், உணவு முடிந்தவுடன், கோபம் வந்தவுடன், நண்பரைக் கண்டவுடன் என்று அன்றாடத்தின் ஒவ்வொரு திருப்பத்தோடும் சிகரெட் பிணைந்துபோனது மற்றொன்று. முதல் முடிச்சு சில வாரங்களில் தளர்ந்துவிடும். அதற்கு மருந்து உதவும். இரண்டாவது முடிச்சு தளர மாதங்கள் ஆகும். அதற்கு மருந்து போதாது, திட்டம் வேண்டும். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றை அப்படியே விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான முயற்சிகள் பாதியில் முறிகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

நிக்கோட்டின் மூளையில் செய்வது என்ன

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் நிக்கோட்டின் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திக்கடத்திக்காக இயற்கையாக அமைந்திருக்கும் ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவாக, இன்பத்தையும் ஊக்கத்தையும் உணர்த்தும் டோபமைன் வெளிப்படுகிறது. ஒரு செயலுக்கும் அதன் பலனுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, அவ்வளவு ஆழமாக மூளை அந்தச் செயலைக் கற்றுக்கொள்ளும். ஒரு சிகரெட்டைச் சுமார் 10 முறை இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவர் 200 முறை இந்தப் பாடத்தைப் படிக்கிறார். ஓராண்டில் அது 70,000 முறையைத் தாண்டிவிடுகிறது. மிகச் சில வழக்கங்களையே மனிதர் இத்தனை முறை பயில்கிறார்.

தொடர்ந்து நிக்கோட்டின் கிடைக்கும்போது மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையை அதிகரித்துக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டினின் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், அடுத்த சிகரெட்டுக்குள் கூடுதலாக உருவான ஏற்பிகள் காலியாகிவிடுகின்றன. எரிச்சலும் பதற்றமும் கவனச்சிதறலும் தலைதூக்குகின்றன. அந்த நேரத்தில் பற்றவைக்கும் சிகரெட் மனத்தை அமைதிப்படுத்துவதாகத் தோன்றுகிறது. ஆனால் அது அமைதிப்படுத்துவது முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற பதற்றத்தைத்தான். புகைக்காத ஒருவர் எந்தச் செலவும் இல்லாமல் நாள் முழுவதும் இருக்கும் இயல்பு நிலைக்கு, புகைப்பவர் ஒவ்வொரு சிகரெட்டின் மூலமும் சில நிமிடங்கள் மட்டும் வந்துபோகிறார். இரவு முழுவதும் நிக்கோட்டின் குறைந்துகொண்டே வருவதால்தான் காலையின் முதல் சிகரெட் எல்லாவற்றிலும் இனியதாகத் தெரிகிறது. இந்த ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர், "மன உளைச்சல் இருக்கும்வரை என்னால் நிறுத்த முடியாது" என்ற வாதத்தைப் பிறகு அவ்வளவு எளிதாக நம்பமாட்டார்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அடிமையாக்குவது நிக்கோட்டின்; நோயைத் தந்து உயிரைப் பறிப்பது பெரும்பாலும் புகை. புகையிலை எரியும்போது வெளிவரும் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, இதயத்துக்குச் செல்லவேண்டிய ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறது. நிக்கோட்டினும் தீங்கற்ற பொருள் அன்று. அது இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் வளரும் பருவத்தினருக்கும் அது ஆகாது. என்றாலும், புகையில்லாமல் அளவோடு தரப்படும் நிக்கோட்டின் மருந்துகளை நஞ்சுக்கு நஞ்சு என்று கருதி ஒதுக்குவது தவறு.

சார்பின் அளவை அறிந்துகொள்ளுதல்

நிக்கோட்டின்மீதான சார்பை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ரோம் அளவுகோலில் உள்ள இரண்டு கேள்விகளே நிலைமையைப் பெரும்பாலும் காட்டிவிடும். எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி: 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடத்துக்குள் என்றால் 2, 31 முதல் 60 நிமிடத்துக்குள் என்றால் 1, அதற்கும் பிறகு என்றால் 0. ஒரு நாளைக்கு எத்தனை என்பது இரண்டாவது கேள்வி: 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டின் கூட்டுத்தொகை 5 அல்லது 6 ஆனால் சார்பு கடுமையானது. மருந்து இல்லாமல் முயல்வது உங்களை நீங்களே வருத்திக்கொள்வதாகும். 3 அல்லது 4 என்றாலும் மருந்து பெரிதும் உதவும்.

அடுத்ததாக, ஒரு வாரத்துக்கு ஒரு சிறு தாளைச் சிகரெட் பெட்டியோடு சேர்த்து வைத்திருங்கள். ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன், நேரத்தையும் இடத்தையும், உடன் யார் இருக்கிறார் என்பதையும், அந்தக் கணத்தில் மனநிலை எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள். வேலை அலுப்பூட்டுவதுதான்; ஆனாலும் இதைத் தவிர்க்காதீர்கள். வார இறுதியில் அந்தத் தாளைப் பார்த்தால், உடல் கேட்டுப் புகைத்தவை எவை, கை தானாகச் சென்று எடுத்தவை எவை, யாரோ நீட்டியதால் வாங்கியவை எவை என்பது கண்முன் தெரியும். இரண்டாவது முடிச்சின் வரைபடம் அதுதான். பின்னால் வகுக்கப்போகும் திட்டம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கும்.

நாள் குறிப்பதும் அதற்கு முந்தைய ஆயத்தமும்

நிறுத்தும் நாளை இரண்டு வாரங்களுக்குள் அமையுமாறு குறியுங்கள். மிகத் தள்ளிப்போட்டால் முடிவின் சூடு ஆறிவிடும். நாளைக்கே என்றால் ஆயத்தத்துக்கு நேரம் இருக்காது. வழக்கமான வேலைநாளா, விடுமுறை நாளா என்பது அவரவர் தாளைப் பொறுத்தது: வேலையிடத்தில் அதிகம் புகைப்பவர் விடுமுறையில் தொடங்குவது நல்லது, வீட்டில் சும்மா இருக்கும்போது அதிகம் புகைப்பவர் வேலைநாளில் தொடங்குவது நல்லது. படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதைவிட, குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்துவது சற்றுக் கூடுதல் வெற்றி தருவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரேயடியாக நிறுத்தவே இயலாது என்று உணர்பவர் குறைத்துக்கொண்டே வரலாம். ஆனால் அந்தப் பாதைக்கும் ஒரு முடிவு நாள் இருந்தே ஆகவேண்டும்.

நிறுத்தும் நாளுக்கு முந்தைய இரவில் வீடு, வண்டி, சட்டைப் பைகள், அலுவலக மேசை என்று எல்லா இடங்களிலும் உள்ள சிகரெட், தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் ஆகியவற்றை அகற்றிவிடுங்கள். "அவசரத்துக்கு" என்று ஒன்றை ஒளித்துவைப்பவர், அந்த அவசரம் வரும் என்று தமக்குத்தாமே வாக்களித்துவிடுகிறார். புகையின் வாடை படிந்த துணிகளையும் திரைச்சீலைகளையும் துவைத்துவிடுவது நல்லது, ஏனெனில் வாடையே வேட்கையைத் தூண்டும்.

உடன் வாழ்பவரிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் நாளைச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். முதல் சில நாள்கள் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், "இன்றைக்குப் புகைத்தாயா" என்று நாள்தோறும் விசாரிக்க வேண்டாம், உங்கள் முன்னால் புகைக்க வேண்டாம், கேட்டாலும் சிகரெட் தர வேண்டாம் என்பன போன்ற வேண்டுகோள்கள் அவர்களுக்கும் உதவியாக இருக்கும். வீட்டில் மற்றொருவரும் புகைப்பவராக இருந்தால், இருவரும் சேர்ந்து நிறுத்துவதே சிறந்தது. அவருக்கு விருப்பமில்லை என்றால், வீட்டுக்குள்ளாவது புகைப்பதில்லை என்ற ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்துதல்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மருந்து பயனளிக்கவில்லை என்று கைவிட்டவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் அவர்கள் அளவு குறைவாகவோ, முறை தவறியோ, சில நாள்கள் மட்டுமோ பயன்படுத்தியிருப்பது தெரியவரும்.

நிக்கோட்டின் மாற்று மருந்துகளில் முதன்மையானது தோலில் ஒட்டும் பேட்ச். அது நாள் முழுவதும் நிக்கோட்டினைச் சீராகத் தருகிறது. நாளொன்றுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைப்பவர் வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்ச்சில் தொடங்கி 6 வாரங்களுக்குப் பிறகு 14 மில்லிகிராமுக்கும், அதிலிருந்து இரண்டு வாரங்களில் 7 மில்லிகிராமுக்கும் இறங்குகிறார். காலையில் எழுந்ததும், இடுப்புக்கு மேலே முடியில்லாத, சுத்தமான, உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். தோல் புண்ணாகாமலிருக்க நாள்தோறும் இடத்தை மாற்ற வேண்டும். தூக்கம் கெட்டாலோ கனவுகள் தொல்லை தந்தாலோ இரவில் கழற்றிவிடலாம்.

பேட்ச் அடித்தளத்தைத் தருகிறதே தவிர, திடீரென்று எழும் வேட்கையை உடனே தணிக்காது. அதற்கு நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் (கம்) அல்லது வாயில் கரையும் மாத்திரை உண்டு. பேட்ச்சையும் இவற்றில் ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பயன் தருகிறது என்பது உறுதியாகியுள்ளது. எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் கம், மற்றவருக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. இந்தக் கம்மைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருப்பதுதான் பலரும் செய்யும் பெருந்தவறு. காரமோ குறுகுறுப்போ நாவில் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தச் சுவை மறைந்ததும் மறுபடி சில முறை மென்று வேறு பக்கத்தில் ஒதுக்க வேண்டும். இப்படி ஏறத்தாழ அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் உடலில் சேர வேண்டும். வேகமாக மென்று விழுங்கினால் அது வயிற்றுக்குச் சென்று விக்கலையும் நெஞ்செரிச்சலையுமே தரும். காப்பி, பழச்சாறு, குளிர்பானம் போன்ற அமிலத்தன்மை உள்ளவை இந்த உறிஞ்சுதலைத் தடுப்பதால், கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பும் மெல்லும்போதும் அவற்றை அருந்தக் கூடாது. முதல் ஆறு வாரங்களில் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், வேட்கை வருவதற்கு முன்பே எடுத்துக்கொள்வதுதான் முறை.

இதற்கும் அடிமையாகிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் பலருக்கு உண்டு. புகை நொடிகளில் செய்வதை இந்த மருந்துகள் பல நிமிடங்கள் அல்லது மணிக்கணக்கில், குறைந்த அளவில் செய்கின்றன. அந்த வேகம் இல்லாததால் அவற்றின் பிடி மிகவும் பலவீனமானது. சிலர் கம்மைச் சில மாதங்கள் கூடுதலாகப் பயன்படுத்த நேர்ந்தாலும், அது மறுபடி புகைப்பதைவிட எவ்வளவோ மேல்.

மருத்துவரின் சீட்டோடு கிடைக்கும் மாத்திரைகளில் வரெனிக்ளின் முதலிடத்தில் இருக்கிறது. நிக்கோட்டின் ஒட்டும் அதே ஏற்பியில் இது ஒட்டிக்கொண்டு அதைப் பாதியளவே தூண்டுவதால், ஒருபுறம் நிக்கோட்டின் நின்றதும் வரும் விலகல் தொல்லையைக் குறைக்கிறது. மறுபுறம் மருந்தை எடுப்பவர் இடையில் சிகரெட்டைப் பற்றவைத்தாலும் அதன் இன்பத்தை மங்கச் செய்கிறது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, அளவைப் படிப்படியாக உயர்த்தி, 12 வாரங்கள் உட்கொள்வது வழக்கம். குமட்டலும் விசித்திரமான கனவுகளும் அதன் பொதுவான பக்கவிளைவுகள். உணவோடும் நிறையத் தண்ணீரோடும் எடுத்தால் குமட்டல் குறையும். இது மனநிலையைக் கெடுக்கும் என்று முன்பு எழுந்த அச்சத்தைச் சோதித்து 2016இல் வெளியான பெரிய ஆய்வு, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அத்தகைய கேடு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று கண்டது. புப்ரோபியான் மற்றொரு மாத்திரை. வலிப்பு நோய் உள்ளவர்களும் உணவுக் கோளாறு உள்ளவர்களும் அதை எடுக்கக் கூடாது. தாவர விதையிலிருந்து எடுக்கப்படும் சைட்டிசின் 1960கள் முதல் கிழக்கு ஐரோப்பாவில் பயன்பாட்டில் இருக்கிறது. நிக்கோட்டின் மாற்று மருந்துகளை 2009இலும், வரெனிக்ளின், புப்ரோபியான் ஆகியவற்றை 2021இலும் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆகியோர் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பலருக்கும் தெரியாத இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, குறிப்பிட்ட மருந்துகளை விரைவாகக் கழியச் செய்கின்றன. புகைப்பது நின்றதும் அந்தத் தூண்டுதல் நின்று, அதே அளவு மாத்திரை உடலில் கூடுதலாகத் தங்கத் தொடங்கும். குளோசபின், ஒலான்சபின், தியோஃபிலின், வார்ஃபரின் ஆகியவற்றை உட்கொள்பவர்கள் நிறுத்தும் நாளை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள்

விலகல் அறிகுறிகள் கடைசிச் சிகரெட்டுக்குப் பின் சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு, தூக்கமின்மை, மிகுந்த பசி, மலச்சிக்கல் ஆகியவை எல்லோருக்கும் எல்லாமாக வருவதில்லை. சிலருக்கு வாய்ப்புண் வரும். சிலருக்கு இருமல் முன்பைவிடக் கூடும். புகையால் செயலிழந்திருந்த, சுவாசப் பாதையின் நுண்மயிர்கள் மீண்டும் அசைந்து சளியை வெளியே தள்ளத் தொடங்குவதன் அறிகுறி அது. ஆனால் சளியில் இரத்தம் தெரிந்தாலோ இருமல் வாரக்கணக்கில் நீண்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேட்கை அலைபோல எழும். உச்சத்தில் நிற்பது சில நிமிடங்கள் மட்டுமே. அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதற்கு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒரு வேலை கையில் இருக்க வேண்டும், ஏனெனில் அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கும் ஆற்றல் குறைந்திருக்கும். நீங்கள் எழுதிவைத்த தாளை இப்போது எடுங்கள். காலை எழுந்தவுடன் புகைத்தவர், எழுந்ததும் பேட்ச் ஒட்டிக்கொண்டு நேரே குளிக்கச் செல்லலாம். உணவுக்குப் பின் புகைத்தவர், கை கழுவியதும் பல் துலக்கிவிட்டு எழுந்து நடக்கலாம். வேலையிடைவேளையில் நண்பர்களோடு புகைத்தவர், முதல் மூன்று வாரங்களுக்காவது இடைவேளையின் நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளலாம். கோபம் வந்தால் புகைத்தவர், அந்த இடத்தைவிட்டு விலகி மூச்சை மெதுவாக உள்ளிழுத்து அதைவிட மெதுவாக வெளிவிடலாம். சிகரெட் தந்ததாக அவர் நினைத்த அமைதியில் ஒரு பங்கு அந்த ஆழ்ந்த மூச்சினால் வந்ததுதான். விறுவிறுப்பான சிறுநடை வேட்கையின் கடுமையைக் குறைக்கிறது என்பது சோதித்து அறியப்பட்டது. நீங்கள் எதைத் தேர்ந்தாலும், "இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன கல்லீரல் மாற்றத்தினால், புகைப்பதை நிறுத்தியவரின் உடலில் காஃபின் முன்பைவிட நீண்ட நேரம் தங்குகிறது. வழக்கமான அளவு காப்பியே இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதை நிக்கோட்டின் இல்லாத குறை என்று எண்ணிச் சிகரெட்டை நாடுபவர் பலர். ஆகவே முதல் நாளிலிருந்தே காப்பியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மது அருந்துபவர்கள் முதல் சில வாரங்கள் அதை அறவே தவிர்ப்பது நல்லது. உறுதி குலையும் தருணங்களில் பெரும்பங்கு மதுவோடு வருகிறது.

நிறுத்தியவர்களின் எடை முதல் ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. நிக்கோட்டின் பசியை அடக்கி, உடல் செலவிடும் ஆற்றலைக் கூட்டி வைத்திருந்தது. நாவின் சுவையும் மூக்கின் மோப்பமும் திரும்பிவருவதால் உணவும் இனிக்கிறது. கடுமையான பட்டினியை இதே வாரங்களில் தொடங்காதீர்கள். இரண்டு போர்களை ஒரே நேரத்தில் நடத்துவது இரண்டையும் தோற்கும் வழி. இனிப்பும் பொரித்த தின்பண்டமும் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, பழங்களையும் தண்ணீரையும் அருகில் வைத்துக்கொண்டு, நடையைக் கூட்டினால் போதும். கூடிய எடையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும், நிறுத்துவதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை மிகப் பெரிது.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிர்மேல் வெறுப்பு தோன்றினாலோ உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். முன்பே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் புகைப்பதை நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். மருத்துவரின் கண்காணிப்போடு அதைச் செய்வது மட்டுமே வேறுபாடு. முதல் வாரங்களின் தொல்லை கடந்த பின், நிறுத்தியவர்களின் பதற்றமும் சோர்வும் அவர்கள் புகைத்த காலத்தைவிடக் குறைவாக இருப்பதையே ஆய்வுகள் காண்கின்றன.

உடல் எதைத் திரும்பப் பெறுகிறது

கடைசிச் சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன. 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வருகிறது. 2 முதல் 12 வாரங்களுக்குள் இரத்த ஓட்டமும் நுரையீரலின் செயல்பாடும் மேம்படுகின்றன. 1 முதல் 9 மாதங்களுக்குள் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் இதயத் தமனி நோய்க்கான ஆபத்து, புகைப்பவருடையதில் ஏறத்தாழப் பாதியாகிறது. 10 ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து புகைப்பவருடையதில் சுமார் பாதியாகிறது. 15 ஆண்டுகளில் இதய நோய்க்கான ஆபத்து புகைக்காதவருடையதை நெருங்குகிறது.

பிரிட்டனில் 1951இல் தொடங்கி, ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் 2004இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் துல்லியமானவை. புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 30 வயதில் நிறுத்தியவர்கள் அந்த 10 ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுமையாக மீட்டனர். 40 வயதில் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகளை, 50 வயதில் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகளை, 60 வயதில் நிறுத்தியவர்கள்கூட 3 ஆண்டுகளை மீட்டனர். இத்தனை வயதுக்குப் பிறகு நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் பெரியவரிடம் காட்டவேண்டிய கணக்கு இது. மாரடைப்பு வந்த பிறகு நிறுத்தியவர்களுக்கும், தொடர்ந்து புகைத்தவர்களைவிட இறப்பின் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இழந்த திறன் திரும்புவதில்லை. ஆனால் நிறுத்தியவரின் நுரையீரல் தேயும் வேகம் குறைந்துவிடுகிறது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் நான்கு வாரங்களுக்கு முன்பாவது நிறுத்தினால், புண் ஆறுவதில் சிக்கலும் சுவாசக் கோளாறுகளும் குறையும்.

நன்மை புகைத்தவரோடு நிற்பதில்லை. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் மட்டும் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வீட்டில் புகை இருந்தால் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் காதுத் தொற்றும் கூடுகின்றன. கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கான ஆபத்தும் கூடுகிறது.

நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. மேலும், எண்ணிக்கையைக் குறைப்பவர் தம்மை அறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக, நுனிவரை இழுத்து, உடல் கேட்கும் நிக்கோட்டினை ஈடுசெய்துகொள்கிறார். மென்மையானது என்று விற்கப்படும் சிகரெட்டுகளுக்கும் இதுவே நேர்கிறது.

சறுக்கினால்

மூன்று மாதங்கள் கடந்த பின், உடல் நிக்கோட்டினை மறந்துவிட்ட நிலையிலும், பழைய நண்பர் ஒருவரைக் காணும்போதோ ஒரு துயரச் செய்தியைக் கேட்கும்போதோ வேட்கை திடீரென்று முழு வேகத்தோடு வரலாம். அவிழாத இரண்டாவது முடிச்சு அது. "இத்தனை நாள் இருந்துவிட்டேன், ஒன்றே ஒன்றால் என்ன ஆகிவிடும்" என்பது அப்போது எழும் எண்ணம். நிறுத்தியவர்களிடம் பேசியபோதெல்லாம் நான் கேட்டது, அவர்கள் மறுபடி தொடங்கியது ஒரு பெட்டியோடு அன்று, யாரோ நீட்டிய ஒற்றைச் சிகரெட்டோடு என்பதைத்தான். ஆகவே நீட்டுபவரிடம் சொல்லவேண்டிய பதிலை முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "நிறுத்த முயல்கிறேன்" என்றால் அவர் வற்புறுத்துவார். "நான் புகைப்பதில்லை" என்றால் கையை மடக்கிக்கொள்வார்.

அப்படியும் ஒன்றைப் புகைத்துவிட்டால், முழு முயற்சியும் வீணாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். மிச்சமுள்ளதை உடனே தூக்கி எறியுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்த வேண்டாம். மருந்தைத் தொடர்வதுதான் அடுத்த சிகரெட்டைத் தடுக்கும். அன்றே, அந்தச் சிகரெட் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு, எந்த மனநிலையில் பற்றவைக்கப்பட்டது என்பதைப் பழைய தாளின் கீழேயே ஒரு வரியில் எழுதி, அந்தச் சூழல் மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். பழையபடி நாள்தோறும் புகைக்கும் நிலைக்கே திரும்பிவிட்டிருந்தால், இரண்டு வாரங்களுக்குள் புதிய நாளைக் குறித்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சென்ற முறை எந்த மருந்தை, எந்த அளவில், எத்தனை நாள் எடுத்தீர்கள், எந்த நாளில் எதனால் முறிந்தது என்பதைச் சொன்னால், இந்த முறை அளவைக் கூட்டுவதா, இரண்டு மருந்துகளைச் சேர்ப்பதா, வேறு மாத்திரைக்கு மாறுவதா என்பதை அவரால் முடிவு செய்ய முடியும்.